பதினோராம் எண்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானே? கழுத்து வலி எப்படி இருக்கிறது? குனிந்தே வேலை செய்யாதே என்று நான் சொல்லி நீ கேட்டதாகச் சரித்திரம் இல்லை. மாப்பிள்ளையையும் மருமகளையும் விசாரித்ததாகச் சொல். எனக்கு இடது தோள் மட்டும் மழை நாளில் முரண்டு பிடிக்கிறது. வகுப்பில் வயலினைத் தோளில் வைத்ததும் அது மறந்துபோகிறது. வீட்டுக்கு வந்தால் ஞாபகப்படுத்துகிறது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். இந்த டிசம்பரோடு நான் ஓய்வு பெறுகிறேன் அல்லவா? பல்கலைக்கழகப் பதிப்பகம் என்னைப் பற்றி ஒரு புத்தகம் போடப்போகிறதாம். பாதி வாழ்க்கை வரலாறு, பாதி கடிதங்கள். என்னிடம் படித்து, இப்போது எங்கள் இசைத் துறையிலேயே வேலை பார்க்கும் பெண் ஒருத்திதான் தொகுப்பாளர். விமர்சனங்கள், பரிசுப் பட்டியல் எல்லாம் சேர்த்துவிட்டாள். "சார், எல்லாத்துலயும் பேராசிரியராவே இருக்கீங்க. மனுஷனா எழுதின லெட்டர் ஒண்ணுகூட இல்லையா?" என்கிறாள்.

நான் மனுஷனாக எழுதியது உனக்கு மட்டும்தான். பழைய கடிதங்கள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? எல்லாம் வேண்டாம். வெளியூர்க் கச்சேரிகளைப் பற்றி எழுதியவை போதும்.

என்றும் உன்
அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். நாங்கள் மூவரும் சௌக்கியம். கழுத்து வலியும் சௌக்கியம். அது இப்போது வீட்டில் நாலாவது ஆள். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கேட்க ஆள் இல்லை என்று அலட்சியம் செய்ய வேண்டாம்.

மிஞ்சியிருக்கிறதா என்று கேட்கிறீர்களே, ஒன்றுகூடத் தொலையவில்லை. எங்கள் டென்டல் லேபுக்குப் பல் அச்சு வரும் அட்டைப்பெட்டிகளில் இரண்டு நிறைய இருக்கின்றன. மதியம் சாப்பிட்டபடியே படிக்கிறேன். பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, லவ் லெட்டரா?" என்று எட்டிப் பார்த்தாள். "எங்க அண்ணன் லெட்டர். பாதியில சட்டை தொலைஞ்சுபோச்சு, மீதியில ரயில் போயிடுச்சு" என்றேன்.

நேற்று ஒரு டாக்டர், தன் பேஷண்டான வக்கீல் ஒருவருக்கு வெள்ளை வெளேர் என்று பல்செட் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார். போட்டோவைப் பார்த்தேன். நானே போன் போட்டு, "டாக்டர், இந்த மூஞ்சிக்கு அது இரவல் வாங்கின பல்லு மாதிரி இருக்கும்" என்றேன். லேபில் எல்லோருக்கும் சிரிப்பு. பட்டென்று உண்மையைச் சொல்லும் இந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் தவணையாக நாற்பது கடிதங்கள் அனுப்புகிறேன். அந்த ஒரு கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்புத் தங்கை
பாப்பா
(ஐம்பத்து மூன்று வயதில் இப்படிக் கையெழுத்துப் போடுகிறேன், என் மகள் பார்த்தால் சிரிப்பாள்.)


பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கும் நலமே.

நாற்பதும் வந்து சேர்ந்தன. தொகுப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. ஒற்றைச் செருப்போடு மேடை ஏறிய கடிதத்தைத் துறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டாள். இனி எந்த மாணவனும் என்னைப் பார்த்துப் பயப்படப் போவதில்லை.

இவ்வளவே போதும். மேற்கொண்டு தேடிச் சிரமப்படாதே. உனக்கு வேலை அதிகம்.

அன்புடன்
அண்ணன்


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். தோள் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே.

எந்தக் கடிதம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், கூச்சம். நானே சொல்கிறேன். எனக்கு இருபத்தொரு வயது. உங்கள் துறையில் இருந்த ஒரே உதவித்தொகை இடத்துக்கு வந்து வயலின் வாசித்துவிட்டு, ஊருக்குத் திரும்பிக் காத்திருந்தேன். தேர்வுக் குழுவில் நீங்களும் இருந்தீர்கள். பத்தாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. பார்க்காமலே எழுதுவேன்:

"பாப்பா, உனக்கு இடம் கிடைக்கவில்லை. குழு அப்படி முடிவு செய்துவிட்டது என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. உன் வில்லில் உயிர் இல்லை. கை பழகியிருக்கிறது, அவ்வளவுதான். இதை நம்பி வாழ்க்கையை வைக்காதே. வேறு யாரும் இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள்."

மாடிப்படியில் நின்றபடி படித்தேன். மூன்றாம் நாள் வயலினைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் பல் செய்யும் படிப்பில் சேர்ந்தேன். நீங்கள் அன்று தட்டிக்கொடுத்து நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தால், இன்று எங்காவது கடைசி வரிசையில் வாசித்துக்கொண்டு, உலகம் என்னைக் கவனிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருப்பேன். சொந்தத் தங்கைக்கே சலுகை காட்டாத மனுஷர் என்று நான் சொல்லாத ஆள் இல்லை.

இன்னொன்று. என் மகள், அதான் உங்கள் மருமகள், பதினேழு வயதில் பாட்டுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்போது இந்தக் கடிதத்தைத்தான் அவள் கையில் கொடுத்தேன். "மாமா எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொல்றேன். உன் குரல் வீட்டுக்குப் போதும், வெளியில எடுபடாது" என்றேன். இப்போது இன்சூரன்ஸ் ஆபீஸில் கௌரவமாக இருக்கிறாள்.

புத்தகத்தில் மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் இது இருக்க வேண்டும். உங்களிடம் அனுப்பினால் ஒளித்துவிடுவீர்கள் என்று தொகுப்பாளருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

பெருமையுடன்
பாப்பா


மார்ச் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முதலில் காய்ச்சல், பிறகு தேர்வு வேலைகள். இப்போது பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய கடிதம் பற்றி. அது நம் இருவருக்குள் இருக்க வேண்டியது. புத்தகத்தில் போட்டால் நாலு பேர் உன்னைப் பற்றி நாலு விதமாகப் பேசுவார்கள். மாப்பிள்ளை என்ன நினைப்பார்? அதோடு, அச்சில் வந்தால் நான் என்னை நானே மெச்சிக்கொள்வது போலவும் இருக்கும். நீயே தொகுப்பாளருக்கு ஒரு வரி எழுதி அதைத் திருப்பி வாங்கிவிடு. நான் கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். அசல் தாளை எனக்கு அனுப்பினாலும் சரி.

மருமகள் இப்போதும் பாடுவாளா? நீ எழுதவில்லையே.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

காய்ச்சல் என்று ஒரு போன் பண்ணக்கூடாதா? அவர் கோபித்துக்கொண்டார். இப்போது முழுதும் குணமா?

திருப்பி வாங்க மாட்டேன். "எங்க பல்லு வீட்டுக்காரிக்கு ஊரெல்லாம் விளம்பரம், எனக்கென்ன கஷ்டம்?" என்கிறார் அவர். உங்கள் தொகுப்பாளர் போன் செய்தாள். நல்ல பெண். "அம்மா, எங்க சார் எங்ககிட்ட ஏன் அவ்வளவு கறாரா இருந்தார்னு இப்பத்தான் புரியுது" என்றாள். அந்தக் கடிதத்தை உங்கள் கையெழுத்திலேயே புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடப்போகிறாளாம். வெளியீட்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொல்வாளாம். டிசம்பருக்கு இப்போதே லீவு சொல்லிவிட்டேன். மருமகளும் வருகிறாள்.

அவள் பாடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இல்லை. குளியலறையில்கூட இல்லை. ஏன் திடீரென்று?

கடிதம் என்னவோ போல இருந்தது, அண்ணா. மறைக்காமல் எழுதுங்கள், டாக்டரிடம் போனீர்களா?

பாப்பா


மே 27

பாப்பாவுக்கு,

இதைப் படித்துவிட்டு நீ எப்படி இருப்பாய் என்று தெரியாது. அதனால் சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கடிதம் பொய்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். குழுவில் மூன்று பேர்: துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்த ஒரு மூத்த வயலின் கலைஞர், நான். நான் வேலையில் சேர்ந்து ஏழு மாதம்தான், நிரந்தரம் ஆகவில்லை. வாசிப்பவர்கள் திரைக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு எண் மட்டுமே தெரியும். நீ பதினோராம் எண். வில் தந்தியில் பட்டதுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. அப்போதே எழுந்து, இது என் தங்கை, நான் மதிப்பெண் போடக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தொண்ணூற்றொன்று போட்டேன். மற்ற இருவரும் தொண்ணூறுக்கு மேல்தான். மூன்று தாளிலும் நீதான் முதல்.

பிறகு பெயர்ப் பட்டியலைப் பிரித்தார்கள். தலைவர் நிமிர்ந்து, "உங்க தங்கச்சியா? சொல்லவே இல்லையே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவ்வளவுதான், பாப்பா. யாரும் மிரட்டவில்லை. யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. எனக்குக் காது சூடானது. "எனக்கு அவ்வளவா திருப்தி இல்ல சார். மேல கொஞ்சம் தடுமாறுது. என் தாளைக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, தொண்ணூற்றொன்றை அடித்துவிட்டு எழுபத்துநாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியிலிருந்து வந்தவர், "நல்லாத்தானே வாசிச்சுது அந்தப் பொண்ணு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ இரண்டாவதாக இறங்கினாய். இடம் ஒன்றுதான்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வருஷம் வா என்று எழுதியிருக்கலாம். அடுத்த வருஷம் நீ வந்தால் மறுபடியும் அந்த அறை, அந்தச் சிரிப்பு. நீ வரவே கூடாது என்று நினைத்தேன். அதற்காக எழுதியவைதான் அந்த வரிகள். 'உன் வில்லில் உயிர் இல்லை' என்பது ஆத்திரத்தில் வந்த வாக்கியம் இல்லை. வேறு ஒன்று எழுதி, அது போதாது என்று அடித்துவிட்டு, இதை எழுதினேன்.

நீ அதை நேர்மை என்று எடுத்துக்கொண்டாய். பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னாய். நீ சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். நீ அதைக் கூச்சம் என்று நினைத்தாய்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த மறுநாள், துறை அலுவலகப் பீரோவில் அந்த வருஷத்துக் கோப்பைத் தேடினேன். என் மதிப்பெண் தாள் இருந்தது. தொகுப்பாளர் கண்ணில் படக்கூடாது என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குச் சாவி கொடுத்த அலுவலக உதவியாளர், "என்ன சார், கிடைச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காய்ச்சல் என்று உனக்கு எழுதியது அந்த நாட்களைத்தான். காய்ச்சல் எதுவும் இல்லை.

மருமகளிடம் அதைக் காட்டினாய் என்று படித்த பிறகும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்திலிருந்து அதை எப்படி எடுப்பது என்றுதான் யோசித்தேன்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 19

மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ" என்றார்.

உங்கள் கடிதத்தைச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஒரு வாரம் கழித்துத்தான் அப்பாவிடமும் என்னிடமும் சொன்னார். அப்பா வக்கீலைப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டார். "எதுக்கு, எனக்கு இருபத்தோரு வயசு ஆக்கித் தருவாரா?" என்றார் அம்மா. அன்று மாலை அந்த மதிப்பெண் தாளை என்னிடம் நீட்டி, "உனக்கும் நான் இதையேதான் செஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

சாப்பிடுகிறார், தூங்குகிறார். நீங்கள் போன் செய்வது தெரிகிறது. எடுக்க மாட்டார். செய்ய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்கு மனம் வருகிறது. அம்மா முகத்தைப் பார்த்தால் வரவில்லை.

மருமகள்


ஆகஸ்ட் 2

அண்ணாவுக்கு,

நான் நலம். எல்லோரும் நலம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று நீங்கள் அங்கே உட்கார்ந்து வருத்தப்பட வேண்டாம். முப்பது வருஷமாகப் பல் செய்கிறேன். நான் செய்த பல்லை வைத்து எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

வெட்கம் வேறு இடத்தில். உங்கள் வாக்கியத்தை நான் எவ்வளவு பேர் மேல் வீசியிருக்கிறேன் தெரியுமா? லேபில் வேலை கற்க வந்த இரண்டு பெண்களிடம், உங்களுக்குக் கை வராது, வேறு வேலை பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி அழுதபடியே போனாள். நேர்மை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பெற்ற மகளுக்கும் அதையே செய்தேன். அண்ணா, நான் அவள் பாடியதை ஒழுங்காகக் கேட்கக்கூட இல்லை. உங்கள் கடிதம் கையில் இருந்தது. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. நீங்களாவது கேட்டுவிட்டுப் பொய் சொன்னீர்கள்.

என் கடிதங்கள் எல்லாவற்றையும் தொகுப்பாளரிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். காரணம் கேட்டாள். நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் அனுப்பிய தாளில் எண் மட்டும்தான் இருக்கிறது. அன்று நான் எப்படி வாசித்தேன் என்று நினைத்துப் பார்க்க முயல்கிறேன். முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக அதை உயிரில்லாத வாசிப்பாகவே நினைத்து நினைத்து, எனக்கு வேறு மாதிரி கேட்கவே மாட்டேன் என்கிறது. அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இன்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள். மன்னிப்பு வேண்டாம். பாசத்தில் எதையும் கூட்டவும் வேண்டாம். குறை இருந்தால் குறையையும் எழுதுங்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 20

பாப்பாவுக்கு,

கேட்டபடியே எழுதுகிறேன்.

மெதுவான பகுதியை முதலில் வாசித்தாய். முதல் ஸ்வரத்துக்கு முன் மூச்சு இழுத்தது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. கீழ்த் தந்தியில் ஒலி நல்ல கனம். அந்த வயதில் யாருக்கும் அப்படி வருவதில்லை. வில் திரும்பும் இடம் தெரியவே இல்லை. மூன்றாவது வரியில் உச்ச ஸ்வரம் ஒரு மயிரிழை குறைவாக விழுந்தது. உடனே விரலைச் சறுக்கிச் சரிசெய்தாய், ஆனால் தப்பு தப்புதான். சுண்டு விரலில் பலம் போதாது. வேகமான பகுதியில் நடுவில் அவசரப்பட்டாய். மறுபடியும் தாளத்தில் வந்து நிற்க நாலு அடி ஆயிற்று.

முதல் பகுதி முடியும் இடத்தில் ராகம் இறங்கி வந்து, கடைசி ஸ்வரத்துக்கு முன் ஒரு நிறுத்தம் உண்டு. எல்லோரும் அதை எண்ணி நிறுத்துவார்கள். நீ எண்ணவில்லை. எவ்வளவு நேரம் நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நீ அந்த ஸ்வரத்தைத் தொட்டாய், ஏற்கெனவே அங்கே இருந்ததைத் தொடுவது போல. நான் இதுவரை ஐந்நூறு பேருக்காவது தேர்வு வைத்திருப்பேன். அப்படி ஒன்றைக் கேட்டது நாலைந்து தடவை.

மே மாதக் கடிதத்தில் பயத்தில் மட்டும் செய்தது போல எழுதினேன். அது முழு உண்மை இல்லை. அந்த இடத்தை என்னால் அப்படி வாசிக்க முடியாது. அன்றும் முடியாது, இன்றும் முடியாது. தாளைத் திருப்பிக் கேட்டபோது அதுவும் என் மனதில் இருந்தது. இந்த வரியை எழுதும்வரை எனக்கே நான் இதைச் சொன்னதில்லை.

இப்போதைய துறைத் தலைவரிடமும் தொகுப்பாளரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்துவிட்டேன், கோப்பில் தாள் இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது. புத்தகத்தை நிறுத்தச் சொன்னேன், நிறுத்திவிட்டார்கள். பிரிவுபசார விழா வேண்டாம் என்றேன், யாரும் வற்புறுத்தவில்லை. தொகுப்பாளர் வணக்கம் சொல்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. அது நியாயம்தான்.

அண்ணன்


செப்டம்பர் 11

அண்ணாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்தது. கண்ணாடியை லேபில் வைத்துவிட்டு வந்திருந்தேன், அதனால் மறுநாள் காலை மகளைப் படிக்கச் சொன்னேன். உச்ச ஸ்வரம் மயிரிழை குறைந்தது என்ற இடத்தில் அவளை நிறுத்தச் சொன்னேன். அது எனக்கு நினைவிருக்கிறது, அண்ணா. வெளியே வந்ததும் அதை நினைத்துத்தான் விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது உண்மையாக இருந்ததால், மேலே அவள் படித்ததையும் நம்பினேன். அந்த நிறுத்தத்தைப் பற்றிய பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

இவ்வளவு நாளும் எனக்கு வந்தது கோபம் இல்லை என்று இப்போது தெரிகிறது. என்ன இழந்தேன் என்று தெரியாமல் எப்படிக் கோபப்படுவது? நேற்றுதான் ஒழுங்காகக் கோபம் வந்தது. ஒரு பல்செட்டைப் பாதி இழைத்துவிட்டு, உடைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து செய்தேன்.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம். தீர்ந்ததும் நானே எழுதுகிறேன். தீராவிட்டாலும் எழுதுவேன், ஆனால் எப்போது என்று கேட்காதீர்கள்.

படித்து முடித்ததும் மகளிடம், "ஒரு தடவை பாடேன், நான் உக்காந்து கேக்கறேன்" என்றேன். "இப்ப வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். சரி என்றேன். கேட்டதும் பாட வேண்டும் என்று அவளுக்கு என்ன கட்டாயம்?

தங்கை